காத்து கருப்பு: எண்ணூரைப் பாடிய பாட்டும் எழுதப்படாத மூச்சும்

‘சென்னை புறம்போக்கு பாடல்’ பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்கள்தான் பேசப்படுகின்றன. ஒன்று, டி.எம். கிருஷ்ணா மெட்ராஸ் பாஷையைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தது. இன்னொன்று, புறம்போக்கு என்கிற வசவுக்கு அதன் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டுமே சரிதான். 2017 ஜனவரியில் வந்த பாடல் அது. வரிகள் கபேர் வாசுகி, மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார், வீடியோ இயக்கம் ரதீந்திரன் பிரசாத். ஆனந்தபைரவியில் தொடங்கி சிந்துபைரவியில் போய் முடிகிற ராகமாலிகை. பாடிய இடம் மயிலாப்பூர் சபா இல்லை, எண்ணூர்.

நான் பேச நினைப்பது இந்த இரண்டையும் அல்ல. வீடியோவில் வந்துபோகிற முகக்கவசத்தைப் பற்றி.

கிருஷ்ணா முகக்கவசத்தோடு நிற்கிற ஒரு காட்சி அதில் உண்டு. 2017ல் அது கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. கொரோனா வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. முகக்கவசம் என்றால் ஆபரேஷன் தியேட்டர், இல்லையென்றால் டெல்லி. பாட வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும். தச்சருக்கு உளி மாதிரி பாடகருக்கு மூச்சு. சாம்பல் கொட்டிக் கிடக்கிற ஓரிடத்தில், மூச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவர் வாயைத் திறந்து ஆழமாக இழுத்துப் பாடுகிறார். வார்த்தை எதுவும் புரியாத ஒருவர் பார்த்தால்கூட அந்த வீடியோ சொல்வது இதைத்தான் என்று நினைப்பார். பாட்டின் வாதமோ வேறு பக்கம் போகிறது. அது நிலத்தைப் பற்றிப் பேசுகிறது, நீரைப் பற்றிப் பேசுகிறது. மூச்சு காட்சியில் இருக்கிறது. வாதத்தில் அதற்கு இடமில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டு எல்லாவற்றையும் பாட வேண்டியதில்லை. ஆனால் எண்ணூரைப் பற்றி நம்மிடம் இருக்கிற பாட்டு, சினிமா, தீர்ப்பு, அரசு அறிக்கை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதே இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு இருக்கிறது, மீன் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது. அந்தக் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிற உடம்பு மட்டும் இல்லை. அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பாட்டு சாதித்ததை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். வரி போட முடியாத, யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம்: ஏரி, குளம், மேய்ச்சல், வண்டிப்பாதை, சுடுகாடு. வரி வராத நிலம் வீண் நிலம் என்று ஆனது. கொஞ்ச காலத்தில் வேலைக்காகாத மனுஷனைத் திட்டவும் அதே சொல் வந்து நின்றது. பாட்டு இதைத் தலைகீழாக்குகிறது. யாருக்கும் சொந்தமில்லை என்றால் எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்று அர்த்தம் என்கிறது. 2015 வெள்ளம் வந்துபோய் ஒரு வருடம்தான் ஆகியிருந்த நகரத்துக்கு இது உறைத்தது. நான் இருப்பது முகப்பேர். எங்கள் பக்கத்தில் ஒரு பகுதிக்குப் பெயரே ‘ஏரித் திட்டம்’. ஆட்டோக்காரரிடம் ‘ஏரி ஸ்கீம்’ என்றால் கொண்டுபோய் விடுவார். ஏரி எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பாட்டை முதல்முறை கேட்டபோது எண்ணூருக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெருப்பலகைதான்.

எண்ணூரில் நடந்தது ஏரி ஸ்கீமைவிடப் பெரிய காரியம். 1996ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருக்கிறது. பின்னால் வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் அதில் பெரும்பகுதியைக் காணோம். ஆறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது, தாளில் மட்டும் இல்லை. கொசஸ்தலையாற்றின் ஓரமாக வடசென்னை அனல்மின் நிலையம், 1990களில் 630 மெகாவாட். 2013 வாக்கில் இரண்டாம் கட்டமாக இன்னும் 1,200. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூரில் என்டிபிசியும் மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் 1,500. 1970ல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச்சோடு மூடினார்கள். நிலக்கரியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் பழசு, ஒழுகும். ஒழுகிய சாம்பல் ஆற்றில் படிந்து, படகு போன இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கிறது என்று காட்டுக்குப்பம் மீனவர்கள் வருடக்கணக்கில் சொன்னார்கள். வழக்குப் போட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது. அந்தப் போராட்டத்தின் குரல்தான் பாட்டாக வந்தது.

இதே இயக்குநர் இரண்டு வருடம் முன்பு எடுத்த இன்னொரு வீடியோவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’, 2015. நிக்கி மினாஜ் மெட்டில் ஒரு ராப். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்தோடு வேலை பார்த்தவர்களைப் பற்றியது. இசையாக எடைபோட்டால் புறம்போக்கு பாடலுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அதன் நடுவில் உடம்பு இருந்தது. 2001ல் மூடிய ஆலை, அதன் பிறகு பதினான்கு வருடப் போராட்டம், அதற்குப் பின் அந்தப் பாட்டு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பாட்டால்தான் நடந்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களை அவமதித்தது மாதிரி ஆகும். ஆனாலும் அந்த 591 என்கிற எண் எப்படி வந்தது? ஆலையில் வருகைப் பதிவேடு இருந்தது. யார், எந்த வருடம், எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று எழுதப்பட்டிருந்தது. உடம்புக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு தாள் இருந்தது.

எண்ணூரில் புகைபோக்கிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் தொழிலாளி இல்லை, அதனால் மஸ்டர் ரோல் இல்லை. நிலம் பறிபோகவில்லை, அதனால் சர்வே எண் இல்லை. ஒரே ராத்திரியில் எல்லாரும் விழவில்லை, அதனால் போபால் மாதிரி பட்டியலும் இல்லை. 2014ல் உச்ச நீதிமன்றம் அனல்மின் நிலையங்கள் சார்ந்த உடல்நல வழக்கில், அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்கள் கவனிக்க வேண்டும் என்று சொன்னது. பெரிய விஷயம்தான். அதுவும் மதில் சுவருக்கு உள்ளே வேலை பார்ப்பவர்களைப் பற்றியது. மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடுகிறவருக்கு எந்த நெடுவரிசையிலும் இடமில்லை. புறம்போக்கு பாடல் நிலத்தைப் பிடித்துக்கொண்டது தற்செயல் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். நிலத்துக்கு வரைபடம் இருக்கிறது. பொய் வரைபடத்தை எதிர்க்க ஓர் உண்மை வரைபடம் இருக்கிறது. நுரையீரலுக்கு என்ன இருக்கிறது?

இலக்கியம் இந்த வேலையைச் செய்திருக்கலாம். தமிழில் மாசு பற்றிய நாவல்களே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ திருப்பூர்ச் சாயக்கழிவை எழுதியது. இரா. முருகவேளின் ‘முகிலினி’ சிறுமுகை விஸ்கோஸ் ஆலையையும் பவானி ஆற்றையும் எழுதியது. கொஞ்சம் பின்னால் போனால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இருக்கிறது, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி. மூன்றிலும் ஆசிரியர்கள் அந்த இடங்களுக்குப் போய், பேசி, குறிப்பெடுத்து எழுதியது தெரியும். ஆனால் கவனித்தால், முதல் இரண்டிலும் மாசு என்பது தண்ணீர். ராஜம் கிருஷ்ணனிடம் உடம்பு உண்டு, ஆனால் அது வேலை செய்கிற உடம்பு. உப்பைச் சுமக்கிற, உப்பில் வேகிற உடம்பு. சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிற, தூங்குகிற, ஹோம்வொர்க் எழுதுகிற உடம்பு காற்றால் கெடுவதைத் தமிழில் ஒரு நாவல் மையமாக எடுத்து நான் படித்ததில்லை.

தண்ணீருக்குக் கதை சுலபம். ஆறு கலர் மாறும், மீன் செத்து மிதக்கும், நுரை பொங்கும். முன்னால் இருந்தது, பின்னால் போனது என்று இரண்டு காட்சி வைத்தால் நாவலுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். ஆற்றுக்குப் பெயர் இருக்கிறது, கரையில் சாமி இருக்கிறது, ஆடிப்பெருக்கு இருக்கிறது. காற்றுக்கு இதில் எதுவும் இல்லை. பிஎம் 2.5 என்பது முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாத தூசி. அது இன்றைக்கு உள்ளே போய் இருபது வருடம் கழித்து இதயத்திலோ மூளை ரத்தக்குழாயிலோ கணக்குத் தீர்க்கும். ராப் நிக்ஸன் 2011ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ‘மெதுவான வன்முறை’ என்று பெயர் வைத்தார். வன்முறைதான், ஆனால் சம்பவம் இல்லாத வன்முறை. அதனால் கேமராவுக்கு வராது, கதைக்கும் வராது.

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னை என்றாலே தமிழ் சினிமாவுக்குக் கத்தி, கேரம் போர்டு, பாக்ஸிங். வெற்றிமாறனின் ‘வட சென்னை’ இதில் நேர்மையான படம். மீனவக் குப்பத்தின் நிலத்தின் மேல் வளர்ச்சித் திட்டம் வந்து விழுவதை, அதற்கு உள்ளூர் ரவுடியிசம் எப்படிக் கருவியாகிறது என்பதைக் கறாராகக் காட்டியது. அங்கேயும் நிலம்தான். அந்தப் படத்தில் எத்தனையோ பேர் கத்திக்குத்தில் சாகிறார்கள். இருமிச் செத்தவர் யாரும் எனக்கு ஞாபகம் இல்லை. நம் இயக்குநர்களுக்குப் புகைபோக்கி என்பது மாலை வெளிச்சத்தில் ஃப்ரேமை நிரப்புகிற ஒரு நல்ல பின்னணி. எண்ணூரில் எடுத்த எத்தனை பாடல்களில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்திருப்போம்!

சொல் இல்லாமலா இருக்கிறது? எங்கள் ஆயா ‘காத்து கருப்பு அடிச்சிரும்’ என்பார். மத்தியான வெயிலில் புளியமரத்தடியில் நிற்காதே, சாயங்காலம் எண்ணெய்ப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகாதே, காத்து கருப்பு அண்டிவிடும். பேய் பிசாசுக்கு நாகரிகமான பெயர் அது. கண்ணுக்குத் தெரியாது, காற்றாக வரும், கருப்பாக இருக்கும், உடம்பில் இறங்கிவிட்டால் லேசில் போகாது, யார் ஏவினார்கள் என்று நிரூபிக்க முடியாது. நிலக்கரிப் புகைக்கு இதைவிடத் துல்லியமான விவரணையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுதிவிட முடியுமா? இன்றைக்குச் சென்னையில் புழங்குகிற சொல் ‘வீசிங்’. “பையனுக்கு வீசிங் சார், பனிக்காலம் வந்தா நெபுலைசர் வைக்கணும்.” இழுப்பு, இளைப்பு என்கிற சொற்கள் நோயாளியின் உடம்பைக் காட்டின. வீசிங் அதை மருந்துக்கடைச் சீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இருக்கு, உனக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரே தெருவில் எத்தனை பேருக்கு என்கிற கேள்வி அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை. இது மொழிப் பிரச்சினை மட்டும் அல்ல, ஆனால் மொழிப் பிரச்சினையும்தான்.

அரசு மொழிக்கு வருவோம். இந்தியாவில் அனல்மின் நிலையங்களுக்கான புதிய உமிழ்வு விதிகள் 2015 டிசம்பரில் வந்தன. புகையில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தூசி இருக்கலாம் என்பதற்கு மூன்று அளவு. 2003 முடிவதற்குள் நிறுவிய யூனிட் என்றால் 100. 2004 முதல் 2016 வரை என்றால் 50. அதற்குப் பிறகு என்றால் 30. இப்போது வடசென்னையைப் பாருங்கள். முதல் கட்டம் தொண்ணூறுகளில் வந்தது. இரண்டாம் கட்டமும் வல்லூரும் நடுவில். மூன்றாம் கட்டம் நேற்று. ஒரே கழிமுகத்தின் கரையில் மூன்று வயதுப் புகைபோக்கிகள், மூன்று விதி. அத்திப்பட்டில் மூச்சு விடுகிற குழந்தைக்கு நுரையீரல் ஒன்றுதான். இந்த விதிகள் எழுதப்பட்டிருக்கிற அலகே புகைபோக்கியின் அலகு. யார் எவ்வளவு சுவாசிக்கலாம் என்பது அதில் கேள்வியே இல்லை. காற்றுத் தரத்துக்குத் தனி அளவு இருக்கிறது, உண்மைதான்: பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 5. எட்டு மடங்கு வித்தியாசம். இந்திய நுரையீரலுக்கு எட்டு மடங்கு தாங்கும் என்று நாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம் என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம்?

கந்தகத்தின் கதை இன்னும் சுவாரசியம். கந்தக டை ஆக்சைடைப் புகையிலிருந்து கழுவி எடுக்கிற எஃப்.ஜி.டி. என்கிற அமைப்பை 2017க்குள் வைக்க வேண்டும் என்றது 2015 விதி. 2017, 2022 ஆனது. 2022 மேலும் நகர்ந்தது. கடைசியில் 2025 ஜூலையில், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்தும் டெல்லி வட்டாரத்திலிருந்தும் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர், கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் இருப்பவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு, மற்றதெல்லாம் உயரமான புகைபோக்கி இருந்தால் போதும் என்று அறிவிப்பு வந்தது. நாட்டின் பெரும்பாலான நிலையங்கள் இந்த ‘மற்றது’க்குள் அடங்கிவிட்டன. எங்கள் தொழிலில் டெட்லைன் தள்ளிப்போவது சகஜம். ஆனால் பத்து வருடம் தள்ளிவிட்டு, பிறகு அந்த ஃபீச்சரே வேண்டாம் என்று டிக்கெட்டை மூடுகிற கிளையண்டை நான் பார்த்ததில்லை. உயரமான புகைபோக்கி என்பது கந்தகத்தை இல்லாமல் ஆக்காது, தூரமாக அனுப்பும். அது வழியிலேயே சல்ஃபேட் தூசியாக மாறி எங்கோ இறங்கும். எண்ணூரிலிருந்து முகப்பேர் காக்கை பறக்கிற தூரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் காற்றுச் சுத்திகரிப்பான் வந்துவிட்டது. அது ஓடுவதும் கரண்டில்தான்.

கரண்ட் என்றதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி. இரண்டு ஏசி இருக்கிற ஒரு வீட்டில் வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 420 கிலோ. உள்நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியென்றால் 140 கிலோ, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையாக ஐந்தரை. நம் மின்சாரம் முழுக்க நிலக்கரியில் வருவதில்லை. காற்றாலை, சூரியசக்தி, கல்பாக்கம், கூடங்குளம் எல்லாம் கலந்துதான் வருகிறது. பாதி என்று வைத்தாலும் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் எழும்பிவிட்டன. அவற்றின் மூட்டைக் கணக்கை யாராவது போட வேண்டும். என் தொழிலின் சாம்பல் அதில்தான் இருக்கிறது.

இந்த நகரம் நிலக்கரியோடு எப்படிப் புழங்கியிருக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த, அதாவது மிகவும் உறுத்துகிற, உதாரணம் எண்ணூரில் இல்லை, பாரிமுனையில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் முன்பு நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்கினார்கள். கரித்தூள் ராயபுரம் வீடுகளில் படிந்தது, ஜார்ஜ் டவுன் கடைகளில் படிந்தது, எதிரே இருக்கிற உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தின் மேலும் படிந்தது. 2011ல் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: அக்டோபர் முதல் இங்கே கரி இறக்கக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கொண்டுபோங்கள். தூசியால் மக்களின் உடல்நலம் கெடுகிறது என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்று, உடனே நடவடிக்கை எடுத்து, அது நடக்கவும் செய்த அபூர்வமான தருணம். அந்த விதத்தில் நல்ல தீர்ப்பு. ஆனால் எண்ணூரில் ஆள் இல்லையா? மணலி, எண்ணூர் பகுதி கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் 2009லேயே வந்துவிட்டது. அதாவது, ஓரிடத்தில் நுரையீரலுக்கு இருக்கிற உரிமையை நிலைநாட்ட இன்னோரிடத்துக்குக் கரி அனுப்பப்பட்டது. புறம்போக்கு என்கிற சொல்லின் அர்த்தம் இதில் முழுமையாகத் துலங்குகிறது. பாட்டு நிலத்துக்குச் சொன்னதை உடம்புக்கும் சொல்லலாம். சில நுரையீரல்களுக்குப் பட்டா இருக்கிறது. சிலவற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கனமானது. உடம்பை எழுது என்று எழுத்தாளனிடம் சொல்வது சுலபம். எண்ணூர் மீனவருக்கு அது வேறு விதமாகக் கேட்கும். ஆற்றில் சாம்பல், பாதரசம், ஈயம் என்று நாம் எழுதினால் காசிமேட்டில் அவர் மீனுக்கு விலை இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது இதுதான் நடந்தது. எண்ணெய் வலையைக் கெடுத்தது, செய்தி சந்தையைக் கெடுத்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து நள்ளிரவில் ஊரே தெருவுக்கு ஓடியபோது டிவி கேமராக்கள் வந்தன, மூச்சுத்திணறும் முகங்களைக் காட்டின, போய்விட்டன. பரிதாபப் புகைப்படம் ஒரு வகையில் காத்து கருப்பு மாதிரிதான். யாரிடமிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டுப் பாதிக்கப்பட்டவரை மட்டும் காட்டும். நோயாளிகள் வாழும் ஊர் என்று ஓர் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது எழுத்தாளனின் வேலை இல்லை. புறம்போக்கு பாடல் அந்தக் குழியில் விழவில்லை. எண்ணூர்க்காரர்களை இரங்கத்தக்கவர்களாகக் காட்டாமல், கேட்பவனைப் பார்த்து நாளைக்கு உன் ஊர் என்று எச்சரித்தது. அதன் கம்பீரம் அது. நிலத்தைப் பாடியதால்தான் அந்தக் கம்பீரம் சாத்தியமானது என்றும் சொல்லலாம்.

ஆனாலும் பரிதாபத்துக்கும் கணக்குக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம்: டேட்டாபேஸில் பூச்சியம் என்பது வேறு, நல் என்பது வேறு. பூச்சியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நல் என்றால் யாரும் எண்ணவில்லை. அரசு அறிக்கைகளில் நல் எல்லாம் பூச்சியமாக அச்சாகிறது. நான் புரட்டிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் மண்ணுக்கு ஓர் அத்தியாயம், நீருக்கு ஓர் அத்தியாயம், சுற்றிலும் உள்ள பறவைகளுக்குக்கூடப் பட்டியல் இருந்தது. மனிதர்களின் நோய் ஒரு சின்னப் பத்தியில் முடிந்துபோனது, அதுவும் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது என்கிற விவரமாக. அந்த அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலம். 2006 அறிவிக்கைப்படி சுருக்கத்தை மட்டும் உள்ளூர் மொழியில் தர வேண்டும். கருத்துக்கேட்புக்கு வருகிற மக்கள் கையில் இருப்பது அந்தச் சுருக்கம்தான், அதன் தமிழை வாசித்துப் புரிந்துகொள்ளவே தனியாக ஒரு பட்டம் வேண்டும். அறிவிக்கையின் 2020 வரைவை 22 மொழிகளில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எண்ணூரில் பழைய நிலையத்துக்குப் பதிலாக 660 மெகாவாட்டில் இன்னொன்றைக் கட்ட 2024 டிசம்பரில் கருத்துக்கேட்பு நடந்தபோது, அந்தச் சுருக்கத்தில் இல்லாததை மக்கள் மைக்கில் எதிர்ப்பாகச் சொன்னார்கள்.

உடம்பு தாளில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் லண்டனில் இருக்கிறது. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்கிற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். வீடு நெரிசலான சாலையோரம். அவள் அம்மா ரோசமண்ட் விடவில்லை. ஏழு வருடம் கழித்து, 2020 டிசம்பரில், மரண விசாரணை அதிகாரி அவள் இறப்புக்கான காரணங்களில் காற்று மாசையும் சேர்த்து எழுதினார். அந்த நாட்டில் அதற்கு முன் யாருடைய இறப்புக்கும் அப்படி எழுதப்பட்டதில்லை. அதே லண்டனில் 1952 டிசம்பர்ப் புகைமூட்டத்தில் நாலாயிரம் பேர் இறந்ததாக முதலில் சொன்னார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை போயின. அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட எழுதப்படாத வரி அது. தென்னாப்பிரிக்காவில் 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், நிலக்கரி மின்நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கிற ஹைவெல்ட் பகுதியின் காற்று அங்குள்ள மக்களின் அரசியலமைப்பு உரிமையை மீறுகிறது என்றது. இந்தியாவிலும் மாசில்லாத காற்று வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. உரிமை எழுதப்பட்டுவிட்டது. காட்டுக்குப்பத்தில் ஒருவர் அதை மீட்க வழக்கு மன்றம் போனால், எனக்கு இன்ன கெடுதல் நடந்தது என்று காட்ட அவரிடம் இருப்பது மருந்துச் சீட்டுகள்.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிறார்கள். வாயில் வைத்து ஊதுகிற ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, பீக் ஃப்ளோ மீட்டர். சில நூறு ரூபாய்தான். ஊதினால் முள் நகரும், ஓர் எண்ணில் நிற்கும். அதையும் அந்தப் பையில் போட்டால் என்ன? எண்ணூரில் மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும்?

அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறேன். எண்ணூர், எர்ணாவூர், மணலி புதுநகர் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடந்த ஐந்து வருடத்தில் மாதவாரியாக எத்தனை பேருக்கு நெபுலைசர் வைக்கப்பட்டது, அதில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர், இந்த விவரம் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தரவும். கட்டணம் பத்து ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க முகப்பேரின் கணக்கையும் கேட்டிருக்கிறேன்.